ஜீப்பில் வின்ச்: வயரிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம்

காரைக்குடிப் பக்கம் மழை விட்ட மறுநாளே கண்மாய்க்குள் ஜீப்பை இறக்குகிறவர்களுக்கு, சிக்கிய வண்டியை மோட்டாரால் வடம் சுற்றி இழுத்து எடுக்கும் வின்ச் தேவைதான், ஆனால் அதை ஹாரன் மாதிரி கையில் கிடைத்த வயரில் இணைத்துவிட முடியாது. 12 வோல்ட்டில் முழுச் சுமை இழுக்கும்போது பெரிய வின்ச் 400 ஆம்பியர் வரை கேட்கும். வின்ச்சோடு வந்த தடித்த கேபிளையே போடுங்கள். நெகட்டிவும் நேராக பேட்டரிக்கே போகட்டும், துருப்பிடித்த சேஸை நம்ப வேண்டாம்.

பேட்டரியை ஒட்டி ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் கட்டாயம். என் ஜீப்பில் பானெட்டைத் திறக்காமலே கை எட்டும் இடத்தில் வைத்திருக்கிறேன். இதற்குப் போய்ச் செலவு பார்க்கிறவர்களை எனக்குப் புரியவே இல்லை. பம்பர் இடிபட்டு கேபிள் நசுங்கினாலோ, சொலினாய்டு (வின்ச் மோட்டாருக்கு மின்சாரம் விடும் மின்காந்த சுவிட்ச்) ஒட்டிக்கொண்டு வின்ச் நிற்காமல் சுற்றினாலோ வேறு எதை வைத்து நிறுத்துவீர்கள்? கேபிள் தகட்டில் உரசும் இடங்களில் அதன்மேல் ரப்பர் குழாய் மாட்டுங்கள். அப்புறம், இழுக்கும்போது இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கட்டும். முடிந்ததும் சுவிட்சை அணைத்து ரிமோட்டையும் கழற்றி உள்ளே வையுங்கள், தெருப் பையன்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.