மாட்டை யார் பார்ப்பது?

ஐப்பசி மழை சற்றே ஓய்ந்திருந்த காலையில் குன்னூரிலிருந்து கேத்திக்குப் பஸ் ஏறினேன். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே தண்டவாளத்தில் மண் விழுந்ததால் மலை ரயில் ஓடவில்லை. வழியெங்கும் பொக்லைன்கள் சரிந்த மண்ணை அள்ளிக்கொண்டிருந்தன. பஸ்ஸில் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களுக்கு இது ஆண்டுதோறும் வருகிற பருவம்.

நீலகிரி ஒரு காலத்தில் எரிமலையாக இருந்ததா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. இது எரிமலை கக்கிய மலையன்று. சார்னோகைட் என்னும் மிகப் பழைய பாறையும், அதன்மேல் ஆழமாக உக்கிக் கிடக்கும் மண்ணும்தான் இந்த மலை. அந்த மண்ணில் மழை அளவுக்கு மீறி ஊறும்போது சரிவு அப்படியே இறங்கிவிடுகிறது. 2009 நவம்பரில் கேத்தி, அச்சனக்கல், குன்னூர்ப் பகுதிகளில் அப்படி இறங்கியதில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் பெய்த மழை 80 செ.மீட்டரைத் தாண்டியது.

ஆனாலும் இங்கே நடக்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது ஓர் எரிமலைதான். சில ஆண்டுகளுக்கு முன் ஜாவாவில் மெராபி மலைச் சரிவில் உள்ள ஊர்களுக்குப் போயிருந்தேன். 2010இல் அது வெடித்தபோது 300க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். லட்சக்கணக்கானோர் முகாம்களுக்குப் போனார்கள். ஆனால், அவர்களில் பலர் பகலில் திரும்ப மலையேறி, மாடுகளுக்குப் புல் போட்டுவிட்டு வந்தார்கள். கறவை மாடுதான் அந்த வீடுகளின் சொத்து. மாடுகளை விலைக்கு வாங்கிக்கொள்வதாக அரசே அறிவிக்க வேண்டியிருந்தது. பிறகு மேலே இருக்கும் ஊர்களைப் பாதுகாப்பான தொலைவில் உள்ள ஊர்களோடு இணை சேர்த்தார்கள். யார் எந்த ஊருக்குப் போவது, எங்கே தங்குவது எல்லாம் முன்கூட்டியே பேசி முடித்த ஏற்பாடு. 2020 நவம்பரில் எச்சரிக்கை நிலை உயர்ந்தபோது முதியோரும் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதலில் இறங்கினார்கள். மாடுகளுக்கும் பொதுத் தொழுவங்கள் போட்டுக் கொடுத்தார்கள்.

கேத்திப் பள்ளத்தாக்கில் சரிவை ஒட்டிய ஒரு வீட்டில் தேநீர் கொடுத்தார்கள். அந்த அம்மாவின் பெற்றோர் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். சமையலறைச் சுவரில் ஒரு விரிசல் ஓடியது. அதன் நுனியில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு; பக்கத்தில் தேதி. அதற்கு விரற்கடை கீழே இன்னொரு கோடு, இன்னொரு தேதி. விரிசல் கோட்டைத் தாண்டினால் அன்று இரவு அங்கே படுப்பதில்லையாம். கதவு நிலையில் இறுகிக்கொண்டாலும், ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்கி வந்தாலும் அப்படித்தான். ரேஷன் கார்டு, பட்டா, மாமியாரின் மாத்திரைச் சீட்டு எல்லாம் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, மூடி போட்ட அரிசி டின்னுக்குள் இருந்தன. வீட்டுக்குப் பின்னால் மழைநீர் ஓடும் வாய்க்காலை அவரே மண்வெட்டியால் வாரியிருந்தார். சுவர் கட்டுவதைவிட இதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். தண்ணீருக்குப் போக வழி இருந்தால் மண்ணில் ஊறுவது குறையும்.

“கிராம நிர்வாக அலுவலர் வந்து, பள்ளிக்கூடத்து முகாமுக்குப் போங்கள் என்று சொல்வார், தம்பி. நல்லதுக்குத்தான் சொல்கிறார். நாங்கள் போய்விட்டால் மாட்டை யார் பார்ப்பது? பால் கறக்காமல் விட்டால் மடி வீங்கிவிடும்” என்றார்.

இப்படிப்பட்டவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று சமவெளியில் உட்கார்ந்து சொல்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. விரிசலுக்குத் தேதி குறித்து வைக்கிறவருக்கு ஆபத்து தெரியாதா? அவர் தனக்குத் தெரிந்த வழியையும் தேடிக்கொண்டார். சற்றுத் தள்ளி, சரிவில்லாத ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றில் ஒரு படுகர் குடும்பத்தோடு பேசிவைத்திருக்கிறார். மழை வலுத்தால் மாடு அவர்கள் கொட்டகைக்குப் போய்விடும். அந்த நாட்களின் பால் அவர்களுக்கு. மெராபியில் அரசு ஊருக்கு ஊர் செய்ததை இங்கே இரண்டு வீடுகள் தங்களுக்குள் செய்துகொண்டிருக்கின்றன.

எல்லோருக்கும் அப்படி ஒரு வீடு அமையாது. நீலகிரி மாவட்ட நிர்வாகம் 283 இடங்களை அபாயப் பகுதிகள் என்று வகைப்படுத்தி வைத்திருக்கிறது. முகாம்களும் மணல் மூட்டைகளும் தயாராகின்றன. அது பெரிய வேலை. அந்த இடங்களில் எத்தனை கறவை மாடுகள் இருக்கின்றன, மழை நாளில் எந்தக் கொட்டகைக்கு அவை போகும் என்பதையும் அதே பட்டியலில் எழுதிவிடலாம். முகாம் நடக்கும் பள்ளிக்கூடத்துக்கு அருகே கூரை போட்ட ஓர் இடமும் இரண்டு நாளைக்கான தீவனமும் போதும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், புரட்டாசியிலேயே இதை முடித்துவிட்டால், அலுவலர் கதவைத் தட்டும்போது வீட்டில் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள்.