செவ்வாய்க்கு முன்னால் தைப்பே

மார்ச் 12, புதன்

கூரியர் வந்துவிட்டது. பிரிக்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

அண்ணன் போன். "கவர் கிடைச்சுதா பாப்பா?" கிடைத்தது என்றேன். "படிச்சுப் பாத்தியா?" வேலை அதிகம், சனி ஞாயிறில் பார்க்கிறேன் என்றேன். செவ்வாய்க்கிழமை தூதரகத்தில் நேரம் வாங்கியாயிற்று. சாட்சிக்கு ரெண்டு பேரிடம் சொல்லியாயிற்று. இதற்குமேல் படித்து என்ன ஆகப்போகிறது. அவனும் அதைத்தான் நினைத்திருப்பான், சொல்லவில்லை. போனை அண்ணியிடம் கொடுத்தான். அண்ணி வெயிலைப் பற்றிப் பேசினார். கொல்லைக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்து விட்டுவிட்டேன்.

ராத்திரி பதினோரு மணிக்கு டிக்கெட் போட்டேன். தைவான் தலைநகர் தைப்பே. ஏன் தைப்பே என்று கேட்டால் பதில் இல்லை. நாளை ராத்திரி சிங்கப்பூரிலிருந்து கிளம்புவதில் அதுதான் மலிவு.

மார்ச் 14, வெள்ளி

விமான நிலையம். ஒரு முதுகுப்பை, ஒரு குடை. கவரை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு வருவதாகத்தான் இருந்தேன். பையில் இருக்கிறது.

மார்ச் 15, சனி. காலை

தாவ்யுவான் விமான நிலையத்திலிருந்து ஊதா நிற விரைவு ரயில். சன்னலுக்கு வெளியே ஈரமான மலை, சின்னச் சின்ன பட்டறைகள், சுவரெல்லாம் ஏசி பெட்டி. தைப்பே மெயின் ஸ்டேஷனில் பூமிக்கடியில் ஒரு ஊரே இருக்கிறது. வெளியே வரும் வழி தெரியாமல் அதே பேக்கரியைத் திரும்பத் திரும்பக் கடந்தேன். மூன்று மணிக்குத்தான் அறை தருவார்களாம். தூறல். சிங்கப்பூரை நினைத்துப் போட்ட சட்டைக்கு நல்ல குளிர்.

முக்குக் கடையில் தேநீர் முட்டை வாங்கினேன். கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு மின்சார அடுக்கில் கறுப்புச் சாற்றில் கொதித்துக்கொண்டே கிடக்கிறது. தேயிலை, சோயா, நட்சத்திரச் சோம்பு எல்லாம் சேர்ந்த வாசனை. ஓட்டைத் தட்டி விரிசல் விட்டுத்தான் வேகவைப்பார்கள் போல. உரித்தால் வெள்ளைக்கருவில் பழுப்பு நரம்பு ஓடுகிறது.

ரசீதைக் கசக்கப் போனேன். கடைப்பெண் "ஐயோ வேண்டாம்" என்கிற மாதிரி கையை ஆட்டினாள். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. இந்த ஊரில் கடை ரசீதுதான் லாட்டரிச் சீட்டு. ரெண்டு எழுத்து, எட்டு எண். ஒற்றைப்படை மாதங்களில் 25ஆம் தேதி குலுக்கல். சிறப்பு எண்ணோடு எட்டும் பொருந்தினால் 1 கோடி தைவான் டாலர். கடைசி மூன்று எண் பொருந்தினால்கூட 200. 1951இலிருந்து நடக்கிறது. ரசீது கொடுக்காமல் விற்றுக் கடைக்காரர்கள் வரி ஏய்க்கிறார்களா, சரி, வாங்குகிறவனையே ரசீதுக்கு நச்சரிக்க வைப்போம் என்று எவரோ ஒரு அதிகாரி யோசித்திருக்கிறார். கெட்டிக்காரர். அண்ணன் கேட்டால் ரசிப்பான், பில் இல்லாத சிமென்ட்டிலேயே தன் வீட்டுக்கு மாடி எழுப்பியவன்.

மார்ச், ஏப்ரல் ரசீதுக்கு மே 25. அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

சனி. மதியம்

தைப்பே 101. மேலே ஏறினால் ஒன்றும் தெரியாது, மேகம் என்று டிக்கெட் கொடுக்கிறவரே சொன்னார். பரவாயில்லை என்றேன். ஐந்தாவது மாடியிலிருந்து 89க்கு 37 விநாடி; காது அடைத்து எச்சில் விழுங்குவதற்குள் கதவு திறந்துவிட்டது. சன்னலெல்லாம் வெறும் வெள்ளை. நான் பார்க்க வந்தது உள்ளே தொங்கும் உருண்டையை. 660 டன். எஃகுத் தகடுகளை அடுக்கிச் செய்து, தடித்த கம்பிவடங்களில் தொங்கவிட்டு, மஞ்சள் வண்ணம் பூசியிருக்கிறார்கள். புயலிலும் நிலநடுக்கத்திலும் கட்டடம் ஒரு பக்கம் சாய்ந்தால் இது மறுபக்கம் போய் ஆட்டத்தைக் குறைக்கும். 2015 ஆகஸ்டில் வந்த ஒரு சூறாவளியில் ஒரு மீட்டர் ஆடியிருக்கிறது. இன்று அசையவே இல்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். குழந்தைகளுக்காக அதையே ஒரு கார்ட்டூன் பொம்மையாக்கி விற்கிறார்கள். அது அசடு.

அண்ணன் இரண்டு மிஸ்டு கால்.

சனி. இரவு

ராவ்ஹே இரவுச் சந்தை. கோயில் பக்க நுழைவிலேயே மிளகு பன் கடை. தந்தூர் அடுப்பு மாதிரிதான், உள்சுவரில் வரிசையாக ஒட்டிவிடுகிறார்கள். பன்றிக்கறி, மிளகு, கைநிறைய வெங்காயத்தாள். வாங்கின கையோடு கடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். ரசீது தரவில்லை. கேட்கவும் கூச்சம்.

திரும்பும்போது கையில் காலி குமிழித் தேநீர் கோப்பை. போட ஒரு குப்பைத்தொட்டி இல்லை. தெருத் தெருவாகத் தூக்கிக்கொண்டே நடந்தேன். தங்கியிருக்கும் சந்துக்குள் நுழையும்போது எங்கிருந்தோ பீத்தோவன். ஐஸ் வண்டி என்று நினைத்தால் மஞ்சள் குப்பை லாரி! 'ஃபூர் எலீஸ்' பாட்டைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து வருகிறது, வீடு வீடாகக் கதவு திறந்து ஆட்கள் நீலப் பையோடு இறங்கி வருகிறார்கள். 2000இலிருந்து குப்பைக் கட்டணம் அந்த நீலப் பையின் விலையிலேயே அடக்கம்; நிறையக் குப்பை போடுகிறவர் நிறையப் பை வாங்க வேண்டும். இரவு உடையில் ஒரு தாத்தா, ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒரு பையன், கைக்குழந்தையோடு ஒரு பெண். லாரி நின்றது கொஞ்ச நேரம்தான், அதற்குள் எல்லோரும் ஒரு வார்த்தையாவது பேசிவிட்டார்கள். என் கோப்பையைப் பின்னால் வந்த மறுசுழற்சி வண்டிக்காரர் வாங்கிக்கொண்டார்.

எங்கள் தெருவில் குப்பை வண்டிக்காரர் விசில் ஊதுவார். அம்மா அப்போதுதான் பெருக்கவே ஆரம்பிப்பாள்.

கவர் மேசைமேல். பிரிக்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு. காலை

தூக்கமில்லை. ஆறரைக்கே கிளம்பி லோங்ஷான் கோயில்.

வாசலில் கிழவிகள் சண்பகம் விற்கிறார்கள். வெள்ளைச் சண்பகம், மொட்டு இரண்டு மூன்றாக மெல்லிய கம்பியில் கோத்தது. ஒன்று வாங்கிச் சட்டையில் மாட்டிக்கொண்டேன். மூக்குக்குக் கும்பகோணம் வந்துவிட்டது. இதற்கும் ரசீது இல்லை.

1738இல் சீனாவின் ஃபூஜியானிலிருந்து கடல் தாண்டி வந்தவர்கள் கட்டிய கோயில். ஊர்க் கோயிலின் பெயரையும் தெய்வத்தையும் கூடவே கொண்டுவந்திருக்கிறார்கள். 1945 குண்டுவீச்சில் பிரதான மண்டபம் எரிந்து போயிற்று, உள்ளே கருணைத் தெய்வம் குவான்யின் மட்டும் அப்படியே இருந்தாளாம். ஊதுவத்திப் புகை இல்லாதது வினோதமாக இருக்கிறது. 2020இல் நிறுத்திவிட்டார்கள். வெறுங்கையைக் கூப்பிக் கும்பிடுகிறார்கள். வயதானவர்கள் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரே சுருதியில் பாராயணம்.

சாமியிடம் கேள்வி கேட்க மரக்கட்டை ரெண்டு. சிவப்பு வண்ணம், பிறைவடிவம், ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. நெஞ்சுக்கு நேரே பிடித்துக் கேட்டுவிட்டுத் தரையில் விடவேண்டும். ஒன்று தட்டையாக, ஒன்று உருண்டையாக விழுந்தால் சரி என்று அர்த்தம். ரெண்டும் உருண்டைப் பக்கம் மேலே என்றால் கூடாது. நம் ஊரில் பூக்கட்டிப் பார்ப்போமே, வெள்ளைப்பூ சிவப்புப்பூ, அதே சமாச்சாரம்தான். ஆனால் இங்கே மூன்றாவது பதிலும் உண்டு: ரெண்டும் தட்டைப் பக்கம் மேலே விழுந்தால் சாமி சிரிக்கிறது.

தொண்டூழியம் செய்யும் ஒரு பாட்டி சொல்லிக்கொடுத்தார். என் அரைகுறைச் சீனம் அவருக்குப் போதுமாக இருந்தது. முதலில் உன் பெயர் சொல், பிறந்த தேதி சொல், எந்த வீடு என்று விலாசம் சொல், அப்புறம் கேள். பெயர் சொன்னேன். தேதி சொன்னேன். விலாசத்தில் மாட்டிக்கொண்டேன். சிங்கப்பூர் பிளாக் எண்ணா? வாயில் வந்தது அந்தத் தெருப்பெயரும் பழைய கதவு எண்ணும்தான். புது எண் எனக்குத் தெரியவும் தெரியாது.

கையெழுத்துப் போடலாமா என்று கேட்டேன். ரெண்டும் தட்டை. பாட்டியும் சிரித்தார். கேள்வி தெளிவாக இல்லை, திருப்பிக் கேள் என்றார். போடாமல் இருந்துவிடலாமா என்று கேட்டேன். ரெண்டும் உருண்டை.

போடவும் சொல்லவில்லை, போடாதே என்பதையும் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு என்னதான் கேட்பது? எனக்குப் பின்னால் நின்ற பையன் பரீட்சைக்கு வந்தவன் போல, கையில் ஹால் டிக்கெட் நகல். கட்டையை அவனிடம் கொடுத்துவிட்டு நகர்ந்தேன். முதல் தடவையே அவனுக்குச் சரி. பொறாமையாக இருந்தது.

ஞாயிறு. மாலை

பெய்தோ. ரயிலை விட்டு இறங்கிக் கொஞ்சம் நடந்ததுமே கந்தக வாசனை. வெந்நீர் ஊற்றுக்கு எல்லோரும் துண்டோடு போகிறார்கள். நான் ஓடையோரம் இருக்கும் நூலகத்துக்குப் போனேன். 2006இல் கட்டிய மரக்கட்டடம், சுற்றிலும் திண்ணை மாதிரி பலகணி, மரங்களின் உயரத்துக்கு நாற்காலிகள். படிக்கிற யாரும் தலைநிமிரவில்லை. கவரைப் பிரித்தேன்.

பவர் பத்திரம். நான் இன்னாரின் மகள், இன்ன வயது, என் உடன்பிறந்த அண்ணனுக்கு எழுதிக்கொடுப்பது. சொத்து விவரம் கடைசிப் பக்கம். தெருவுக்கு வடக்கு, இன்னார் மனைக்குக் கிழக்கு, இதன் மத்தியில் கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி, ஓட்டு வீடும், கிணறும், மரம் செடி கொடிகளும். கிணறு இருக்கிறது! ஒரே சொல்லில். அதன் ராட்டினத்தைப் பற்றி எவன் எழுதப்போகிறான், மருதாணிப் புதரைப் பற்றியும்தான். மரம் செடி கொடிகளில் அதுவும் சேர்த்தி.

மறுபடி முதல் பக்கம். அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து இல்லை. கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். வருகிற இடத்திலெல்லாம் இல்லை. ஒரே தடவை தப்பாக அடித்து நகலெடுத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். அப்பா தன் பெயரை எவன் தப்பாக எழுதினாலும் திருப்பி அனுப்புவார். கல்யாணப் பத்திரிகையைக்கூட அனுப்பியிருக்கிறார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நூலகம் மூடும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ரசீதுகளையெல்லாம் பர்ஸிலிருந்து எடுத்து அதே கவருக்குள் போட்டேன். தொலையாது.

மார்ச் 17, திங்கள்

விடியற்காலை இறங்கி நேரே ஆபீஸ். அண்ணனிடம் சொல்லவில்லை. மதியம் அவன் அனுப்பிய செய்தி: நாளைக்கு பாஸ்போர்ட் மறக்காதே.

மார்ச் 18, செவ்வாய்

எட்டு மணிக்குக் கூப்பிட்டேன். சொன்னேன்.

"ஒரு எழுத்துக்கா பாப்பா?"

"ஆமாண்ணே."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பத்திரம் எழுதுகிறவரைத் திட்டினான். என்னைத் திட்டவில்லை, அது இன்னும் மோசம். வாங்குகிறவர் சித்திரைக்குள் முடிக்கச் சொல்கிறாராம். அப்புறம் அவனாகவே, "அப்பா இருந்தா கிழிச்சே போட்டிருப்பாரு" என்றான். ரெண்டு பேரும் சிரித்தோம். கிணறு கோடையில் வற்றிவிட்டதா என்று கேட்டேன். அதை மூடி மூன்று வருஷம் ஆகிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளை எட்டிப் பார்க்கிறது என்று கான்கிரீட் பலகை போட்டாயிற்று, உனக்குச் சொன்னேனே என்றான்.

சொல்லவில்லை. அல்லது சொல்லியிருப்பான்.

பத்திரத்தில் கிணறும் என்று இருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

புதுத் தேதி ஏப்ரல் 8, மதியம் 2.30. சாட்சிகளிடம் மறுபடி கேட்க வேண்டும். ஒருவர் அந்த வாரம் ஊரில் இல்லை. திருத்தின பிரதி திங்களன்று கூரியரில் வருகிறதாம். பழைய கவரில் இருக்கும் ரசீதுகளைத் தனியே எடுத்து