அடைக்கோழிக்குக் கீழே தாரா முட்டைகள்

வெங்கிணாந்தி என்ற மலைப்பாம்பு தன் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, தசையை விட்டு விட்டு இறுக்கி, சுற்றுப்புறத்தைவிட ஏறத்தாழ 7 பாகை வரை சூடேற்றும். 1841இல் பாரிஸ் விலங்குக் காட்சியகத்திலேயே இதை வெப்பமானி வைத்து அளந்துவிட்டார்கள். எனக்கும் அளந்து பார்க்க ஆசைதான். ஆனால் இங்கே, இலங்கையில், அது பாதுகாக்கப்பட்ட உயிரினம்; வீட்டில் வைத்திருக்க முடியாது. வீட்டில் இருந்தது அடைக்கு விழுந்த ஒரு நாட்டுக்கோழி. களுவாஞ்சிகுடியிலிருந்து தாரா முட்டைகள் வாங்கி, கடகத்தில் மணலும் வைக்கோலும் பரப்பி வைத்தேன்.

முதல் வாரம்: சூட்டைப் பற்றிக் கவலையே இல்லை. வெப்பமானியின் முனையை முட்டைகளுக்கு நடுவே செருகினால் 37 பாகையை ஒட்டியே நிற்கிறது. இரவில் டோர்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் சிவப்பு நரம்பு ஓடியிருந்தது. நரம்பே ஓடாமல் வெறும் தெளிவாக இருந்த இரண்டை எடுத்துவிட்டேன்.

இரண்டாம் வாரம்: வறண்ட கச்சான் காற்று தொடங்கிவிட்டது. முட்டைக்குள் இருக்கும் காற்றறை வேகமாகப் பெரிதாகிறது. பொரிக்கும்வரை ஒரு முட்டை தன் எடையில் ஏறத்தாழ 13 சதவீதத்தை நீராக இழக்கலாம். சமையலறைத் தராசில் நிறுத்தால் என் முட்டைகள் அதைத் தாண்டும் போக்கில் இருந்தன. தாய்த் தாரா தண்ணீரில் இறங்கிவிட்டு ஈர இறகோடு வந்து உட்காரும். கோழியோ மண்ணில் குளித்துவிட்டு வருகிறது!

மலைப்பாம்பைப் பற்றி மறுபடி வாசித்ததும் இங்கேதான் உதவியது. உடலைச் சூடாக்க முடியாத சிறிய மலைப்பாம்பு இனங்களும் அடைகாக்கின்றன. சுருளை இறுக்கினால் முட்டை காயாது, ஆனால் ஒட்சிசன் குறையும். அதனால் அவ்வப்போது தளர்த்திக் காற்று விடுகின்றன. ஆக, அடைகாப்பதில் பாதி வேலை ஈரத்தைக் காப்பது. பாம்பு முட்டையைப் புரட்டினால் கரு கெடக்கூடும், கோழியோ ஓயாமல் புரட்டுகிறது. ஆனாலும் ஈரக் கணக்கு இரண்டுக்கும் பொதுவானதுதான்.

கோழி இரை தின்ன இறங்கும் நேரத்தில் முட்டைகள்மீது வெதுவெதுப்பான நீர் தெளித்தேன், கடகத்தின் அடி மணலையும் நனைத்தேன். எடை இறங்கும் வேகம் குறைந்தது.

நான்காம் வாரம்: கோழி முட்டைக்கு 21 நாள், தாராவுக்கு 28. இடைப்பட்ட அந்த ஒரு வாரமும் கோழி எழுந்துவிடுமோ என்று எனக்குத்தான் பதற்றம், அது அசையவில்லை. ஐந்து குஞ்சுகள் வந்தன. பொரிக்காத ஒன்றை உடைத்துப் பார்த்தேன், கூழ்முட்டை. உள்சவ்வு காய்ந்து குஞ்சு ஒட்டிச் செத்தது ஒன்றுகூட இல்லை. அடுத்து மணிலாத் தாரா முட்டை வைக்க எண்ணம். அதற்கு 35 நாள் வேண்டும். அவ்வளவு பொறுமையுள்ள கோழியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.