புகையைக் கூட்டிய படம்

2006 ஆகஸ்ட்டில் லெபனான் தலைநகர் பெய்ரூட்டில் குண்டு விழுந்தபின் எடுத்த ஒரு படத்தில் ஒரே புகைச்சுருள் அச்சுப் பிசகாமல் திரும்பத் திரும்ப வந்தது. வலைப்பதிவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். படத்தின் ஒரு பகுதியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டும் ஃபோட்டோஷாப்பின் குளோன் கருவி செய்த வேலை. படத்தை வெளியிட்ட ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், அதை எடுத்த ஃப்ரீலான்ஸ் புகைப்படக்காரரின் 920 படங்களையும் நீக்கியது. இத்தனைக்கும் புகை உண்மையாகவே எழுந்தது. கூட்டிக் காட்ட அவசியமே இல்லை.

செய்திப் படத்தின் ஓரத்தை வெட்டலாம், வெளிச்சத்தை அளவாகச் சரிசெய்யலாம், கேமரா சென்சாரில் ஒட்டிய தூசியால் விழும் புள்ளியை எடுக்கலாம். பொருளைச் சேர்ப்பதோ அழிப்பதோ கூடாது. நிழலை முழுக் கருப்பாக இறக்கினால் அதில் நிற்கும் ஆளும் மறைந்துபோவார். அதுவும் அழிப்புதான், பலர் இதை உணர்வதில்லை. ரா கோப்பையும் (கேமரா பதிவுசெய்த, திருத்தாத மூலக் கோப்பு) அதற்கு முன்னும் பின்னும் எடுத்த ஃப்ரேம்களையும் பத்திரமாக வையுங்கள். கேள்வி வந்தால் அவைதான் சாட்சி. யார், எங்கே, எப்போது என்ற படக்குறிப்பை அன்றே எழுதிவிடுங்கள்.