அம்மாவின் அறைக்கு எட்டாத வைஃபை

அம்மாவுக்குக் காது கேட்பது குறைந்து நாலு வருஷம் ஆகிறது. காது மெஷின் பாதிதான் உதவும். மீதியை எதிரில் பேசுபவரின் உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வார். அதனால் அக்காவோடு தினமும் ராத்திரி பேசுவது வீடியோ காலில்தான். படம் நின்றுபோனால் எனக்கு அது எரிச்சல், அவ்வளவுதான். அம்மாவுக்குப் பேச்சே அறுந்துவிடும். "என்ன சொன்னே, திரும்பச் சொல்லு" என்று இரண்டு மூன்று தடவை கேட்பார். அதற்கு மேல் கேட்க மனசில்லாமல் "சரி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவார். போன மாதம் ஒரு வாரத்தில் நாலு நாள் இப்படி ஆனது. ரவுட்டரை மாற்றியே தீருவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

வாங்குவதற்கு முன்னால் அளந்து பார்த்தது நல்லதாகப் போயிற்று. எங்கள் வீட்டில் மூன்று அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. ஃபைபர் கேபிள் நுழைகிற இடத்தில், ஹாலின் முன்மூலையில் ரவுட்டர். கடைசி அறை அம்மாவுடையது. நடுவில் இரண்டு சுவர். சிக்னலை எண்ணாகக் காட்டும் ஆப் ஒன்றைப் போனில் போட்டுக்கொண்டு, அறை அறையாக நின்று ஒரு தாளில் குறித்தேன். அளவு டிபிஎம் என்ற கணக்கில் வரும், எல்லாமே மைனஸ் எண்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் பலம், தள்ளிப் போகப் போகப் பலவீனம். ஹாலில் மைனஸ் 42. நடு அறை வாசலில் மைனஸ் 58. அம்மாவின் கட்டில் தலைமாட்டில் மைனஸ் 81.

வீடியோ கால் தடுமாறாமல் ஓட மைனஸ் 67 வேண்டும் என்று நெட்வொர்க் வேலையில் இருப்பவர்கள் கணக்கு வைப்பார்கள். 67க்கும் 81க்கும் 14தானே வித்தியாசம் என்று நினைக்கக் கூடாது. ஒவ்வொரு 10க்கும் பலம் பத்தில் ஒன்றாகக் குறையும். 14 குறைந்தால் வந்து சேருவது 25ல் ஒரு பங்கு. அம்மாவின் டேப்லெட் அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறது.

அந்தத் தாளில் ஒரு இடம் கண்ணில் பட்டது. நடு அறை வாசலில் 58 இருந்தது, உள்ளே மூன்றடி வைத்ததும் 73 ஆகிவிட்டது. நடுவில் சுவர் இல்லை, கதவு இல்லை. அங்கே நிற்பது இரும்பு பீரோ, அதுவும் ஆளுயரக் கண்ணாடி வைத்தது. ரவுட்டரிலிருந்து அம்மாவின் அறைக்கு ஒரு கோடு இழுத்தால் நேராக அதன் மேல் போய் முட்டும். சுவரில் பாதி கரைந்தாலும் மீதி அந்தப் பக்கம் போகும். இரும்புத் தகடு வந்ததை அப்படியே திருப்பி அனுப்பிவிடும், கண்ணாடிக்குப் பின்னால் பூசியிருக்கும் வெள்ளியும் அப்படித்தான். பக்கத்துச் சுவருக்குப் பீரோவை நகர்த்தினோம். கட்டிலில் 81 இருந்தது 74 ஆனது. ஒரு பைசா செலவில்லாமல் ஐந்து மடங்கு! ஆனாலும் 67 வரவில்லை.

அப்புறம்தான் ரவுட்டர் தேடினேன். பெட்டிகளின் மேல் பெரிய எழுத்தில் ஏஎக்ஸ் 3000 என்று போட்டிருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 574 எம்பிபிஎஸ் வேகம், 5 கிகாஹெர்ட்ஸில் 2402, இரண்டையும் கூட்டித் தோராயமாக்கியதுதான் அந்த 3000. நம் போனோ ஒரு நேரத்தில் ஏதாவது ஒரு அலைவரிசையில்தான் இருக்கும். அந்த 2402கூட 160 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலைப் பிடிக்கும் கருவிக்கு மட்டும்தான். 80 மெகாஹெர்ட்ஸ் போனுக்கு அதில் பாதி. எல்லாம் சரி, ஒரு வீடியோ காலுக்கு வேண்டியது சில எம்பிபிஎஸ். எங்களுக்கு வேகம் போதாமல் இல்லை, அது கடைசி அறை வரை போய்ச் சேரவில்லை. அதைப் பற்றி அந்த எண் ஒன்றுமே சொல்வதில்லை.

எட்டு ஆன்டெனா வைத்த ஒரு மாடலில் என் கண் ரொம்ப நேரம் நின்றது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ரவுட்டர் எவ்வளவு பலமாக அலை அனுப்பலாம் என்பதற்குச் சட்டப்படி வரம்பு உண்டு, ஆன்டெனாவைக் கூட்டினாலும் அந்த வரம்பு கூடாது. அதைவிட முக்கியம், வைஃபை இரண்டு பக்கப் பேச்சு. ரவுட்டர் சொன்னது டேப்லெட்டுக்குக் கேட்டால் மட்டும் போதாது, டேப்லெட் சொல்வது ரவுட்டருக்கும் கேட்க வேண்டும். டேப்லெட்டின் ஆன்டெனா சின்னது, பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தணிந்த குரலில்தான் பேசும். ஆன்டெனா இரண்டுக்கு நாலு இருந்தால் ரவுட்டரின் காது கொஞ்சம் கூர்மையாகும், அது உண்மை. ஆனால் அதில் கிடைப்பது சுமார் 3 டெசிபல் (அந்த மைனஸ் கணக்கில் மூன்று எண்), இரண்டு சுவரைத் தாண்ட அது காணாது. ஹாலில் நின்று சத்தமாகப் பேசுவதைவிட, பக்கத்தில் போய் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசினால் அம்மாவுக்கு நன்றாகப் புரியும். எட்டு ஆன்டெனாவை விட்டுவிட்டு, ஒரே வைஃபையை இரண்டு இடத்திலிருந்து தரும், இரண்டு சின்னப் பெட்டிகளாக வரும் மெஷ் பக்கம் போனேன்.

நடுவில், வைஃபை சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் எக்ஸ்டெண்டர் ஒன்றை நண்பரிடம் வாங்கி அம்மாவின் அறையில் இரண்டு நாள் செருகிப் பார்த்தேன். டேப்லெட்டில் சிக்னல் கோடுகள் முழுசாக வந்தன, வீடியோ கால் மட்டும் முன்போலவே நின்றது. எக்ஸ்டெண்டருக்கு ஹாலிலிருந்து வருவது அதே தேய்ந்த சிக்னல்தானே. போதாததற்கு அது ஒரே ரேடியோவில் கேட்டு, அதே சேனலில் திரும்பச் சொல்லும் வகை. ஒரு சேதிக்கு இரண்டு மடங்கு நேரம் போகும். கோடுகள் காட்டுவது டேப்லெட்டுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் நடுவில் உள்ள நிலைமையை மட்டும்தான்.

ஆகவே, ஹாலில் ஒன்று, அம்மாவின் அறையில் ஒன்று என்று இரண்டு யூனிட் மெஷ், ஆனால் நடுவில் கேபிள் போட்டு. வைஃபை 6 எடுத்தேன். வைஃபை 7 வாங்கலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். அதைப் பயன்படுத்தும் கருவி ஒன்றுகூட வீட்டில் இல்லை, டேப்லெட்டே வைஃபை 5தான். அதில் கூடுதலாக வரும் 6 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டுவதில் 5ஐவிடவும் பின்தங்கியது. நான் கண்டிப்பாகப் பார்த்தது வேறு விஷயங்கள்: கேபிள் போர்ட்கள் கிகாபிட்டா, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸா (விலை குறைந்த சிலவற்றில் இன்னும் 100 எம்பிபிஎஸ்தான் இருக்கிறது), கம்பெனி பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருஷம் தருகிறது, ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு வைஃபை மட்டும் தரும் அக்சஸ் பாயிண்ட் மோட் உண்டா.

கேபிள் இழுக்க ஒரு மதியம் முழுக்க ஆனது. 15 மீட்டர் கேட் 6 வகை நெட்வொர்க் கேபிளை, சுவரோரமாகக் கிளிப் அடித்து, கதவு நிலையின் மேல் ஓரமாகக் கொண்டுபோனேன். முனையில் இருக்கும் எட்டு வயர்களையும் வரிசை மாறாமல் அடுக்க வேண்டும்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். முனையைக் கத்தரித்துச் சமமாக்கி, கனெக்டரில் தள்ளி அழுத்திப் பொருத்தினேன். நெட் வந்துவிட்டது. ஆனால் லிங்க் 1000க்குப் பதில் 100 என்று காட்டியது. டார்ச் அடித்துக் கனெக்டரின் முன்பக்கம் பார்த்தேன். கடைசி பிரவுன் வயர் மட்டும் ஒரு மில்லிமீட்டர் உள்வாங்கி நின்றது. 100க்கு நாலு வயர் போதும், கிகாபிட்டுக்கு எட்டும் தொட்டாக வேண்டும். வெட்டி மறுபடி போட்டதும் 1000 வந்தது.

ஃபைபர் கேபிள் வந்து சேரும் பெட்டியின் சொந்த வைஃபையை அணைத்துவிட்டு, மெஷ்ஷை அக்சஸ் பாயிண்ட் மோடில் வைத்தேன். ஒரே வீட்டில் இரண்டு ரவுட்டர் வேலை பார்க்க வேண்டாம். இரண்டு யூனிட்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. டேப்லெட் ஹாலிலிருந்து அறைக்குப் போன பிறகும் ஹால் யூனிட்டையே பிடித்துக்கொண்டிருந்தது. எப்போது மாறுவது என்பதைக் கடைசியில் கருவிதான் முடிவு செய்யும். ஹால் யூனிட்டின் பவரை ஒரு படி குறைத்தேன், அறைக்குள் நுழைந்ததும் மாறிவிடுகிறது.

கட்டில் தலைமாட்டில் இப்போது மைனஸ் 52. முதல் ராத்திரி அம்மா அக்காவோடு ஐம்பது நிமிஷம் பேசினார். நடுவில் ஒரு தடவைகூட "திரும்பச் சொல்லு" கேட்கவில்லை. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வியாழக்கிழமை படம் மறுபடி நின்றது. ஓடிப்போய் அளந்தேன், எங்கள் பக்கம் 52 அப்படியே இருந்தது. உடனே அக்காவிடம் அதே ஆப்பைப் போடச் சொன்னேன். அவள் எப்போதும் அடுப்படியில் நின்றுதான் பேசுவாள். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது: "மைனஸ் 79. ரவுட்டர் டிவிக்குப் பின்னாடி இருக்கு. நடுவுல ஃப்ரிட்ஜ்."