வெள்ளைப் பாவாடையில் ஏறிய நிழல்

ஜூன் 3, பாரிஸ்

ஓர்சே அருங்காட்சியகம். பிரெஞ்சு ஓவியர் மோனேயின் 'தோட்டத்தில் பெண்கள்' முன்னால் நெடுநேரம் நின்றேன். புத்தகங்களில் எத்தனையோ முறை பார்த்த ஓவியம்தான். ஆனால் இரண்டரை மீட்டருக்கு மேல் உயரம் என்பதை நேரில் நின்றால்தான் உணர முடிகிறது.

இடப்பக்கம் ஒருத்தி தரையில் அமர்ந்திருக்கிறாள். வெள்ளைப் பாவாடை அவளைச் சுற்றி விரிந்து கிடக்கிறது. பாதையில் குறுக்கே விழுந்த நிழல் அங்கேயே நிற்காமல் அவள் பாவாடை மேலும் ஏறிவிடுகிறது. நிழல் பட்ட இடத்தில் வெள்ளை, வெள்ளையாக இல்லை. நீலம், அதில் கொஞ்சம் கத்தரிப்பூ நிறம். சாம்பலும் கறுப்பும் கலந்து நிழல் போட்டுப் பழகிய கைகளுக்கு நடுவே, 1866இல் இருபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் இப்படிப் பார்த்திருக்கிறார். எனக்கு இந்த ஓவியத்தின் நாயகி அந்த நிழல்தான்.

ஜூன் 4

இதை வரைந்த இடம் பாரிஸை ஒட்டிய வில் தாவ்ரே. பெரிய ஓவியமென்றால் வெளியில் சிறு முன்வரைவுகள் எடுத்துக்கொண்டு, அறைக்குள் வைத்து முடிப்பதே அன்றைய வழக்கம். மோனே ஓவியம் தீட்டும் பெரிய துணிச்சட்டத்தையே தோட்டத்துக்குக் கொண்டுபோனார். மேல்பகுதி எட்டவில்லை. ஏணி வைத்து ஏறினால் பார்வைக் கோணம் மாறிவிடும். ஆகவே தரையில் பள்ளம் வெட்டி, கப்பி கட்டி, படத்தைக் கீழே இறக்கி வரைந்தார். அவர் கண் இருந்த உயரம் மாறவேயில்லை. (பிறகு ஒன்ஃப்ளர் என்ற ஊரில் அறைக்குள் வைத்து முடித்ததும் உண்மை. அதனால் இந்தப் பள்ளத்தின் மதிப்பு எனக்குக் குறையவில்லை.)

ஜூன் 6

உருவங்களுக்கு மாதிரியாக நின்றவர் கமீய், பின்னாளில் மோனேயின் மனைவி. முகங்களில் பேச்சில்லை, ஒருவரோடொருவர் உறவில்லை என்று குறை சொல்வார்கள். சரிதான், கதை எதுவும் இல்லை. வலப்பக்கம் முதுகு காட்டிப் பூச்செடிப் பக்கம் போகிறவளின் உடையில் வெயில் பளீரென்று அடிக்கிறதே, அது போதாதா? 1867இல் பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோனின் நடுவர்களுக்குப் போதவில்லை, நிராகரித்தார்கள். மறு ஆண்டு எழுத்தாளர் எமில் சோலா, துணிகளை வெயிலும் நிழலும் இரண்டாக வெட்டும் அந்தத் துணிச்சலைத்தான் பாராட்டி எழுதினார்.

ஜூன் 7

இன்று முழுக்க பஸீல் நினைவு. மோனேயின் நண்பர், அவரும் ஓவியர். கையில் காசில்லாத மோனேக்கு உதவ இந்தப் படத்தை 2,500 பிராங்குக்கு வாங்கிக்கொண்டார், மாதம் 50 பிராங்க் தவணையில். பஸீலும் வீட்டிலிருந்து வரும் பணத்தில் காலம் தள்ளியவர்தான். 1870 நவம்பர் 28, பிரஷ்யாவுடனான போரில் பஸீல் இறந்தார். வயது 28.

'தோட்டத்தில் பெண்கள்' அவர் குடும்பத்திடம் இருந்தது. ஓவியர் ரெனுவார் வரைந்த பஸீலின் உருவப்படம் ஒன்று மனேயிடம் (மோனே அல்ல, இவர் வேறொரு ஓவியர்) இருந்தது. தூரிகையும் கையுமாக, குனிந்து வரைந்துகொண்டிருக்கும் பஸீல். 1876இல் பஸீலின் அப்பா அதைக் கேட்டார். மகனின் உருவத்துக்கு ஈடாக 'தோட்டத்தில் பெண்க'ளைக் கொடுத்துவிட்டார். மனேயிடமிருந்து அது பிறகு மோனேயிடமே திரும்பி, 1921இல் பிரெஞ்சு அரசு 2 லட்சம் பிராங்க் கொடுத்து வாங்கியது.

பஸீல் தன் குடும்பத்தை மரநிழலில் அமர்த்தி வரைந்த 'குடும்பச் சந்திப்பு'ம் ஓர்சேயில்தான் இருக்கிறது. நாளை காலை அதற்காகவே மறுபடி போகிறேன்.