வேலிக்கு முன்னால் காடு

நேற்று மட்டக்களப்பு வெல்லாவெளிப் பக்கம் மாமாவின் வட்டையில், அதாவது வயல்வெளியில், காவலுக்குப் போயிருந்தேன், விடிந்து பார்த்தால் வரம்பு உடைந்து, யானையின் கால் பதிந்த குழியில் தண்ணீர் தேங்கி, அதற்குள் கதிர் வெளிவராத குடலைப் பயிர் நசிந்து கிடந்தது. கனடாவின் காட்டுக் கரிபூ மான்தான் நினைவுக்கு வந்தது. அந்த மானைக் காக்க 2012 இல் வந்த மீட்புத் திட்டத்தில், ஒவ்வொரு கூட்டத்தின் வாழிடத்திலும் குறைந்தது 65 சதவீதம் குலையாமல் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். வெட்டிய காடு, வீதி மட்டுமல்ல, அவற்றைச் சுற்றி 500 மீற்றரும் குலைந்த நிலமாகவே கணக்கு, திறந்த பாதை கிடைத்தால் ஓநாய்க்கு மான் வேட்டை சுலபம். இங்கே யானை வேலி எங்கே போடுவது என்றுதான் பேச்சு. சரி, வேலியும் வேண்டும், மாமாவுக்கு நெல் வேண்டும். யானைக்கு எவ்வளவு காடு மிச்சம் என்பதை முதலில் வரைபடத்தில் குறியுங்கள், அப்புறம் கம்பியை இழுக்கலாம்.